ரோசலினுக்கு ஒரு குரல்

8 ஜூலை 2024, திங்கள்

இன்றைக்கு எனக்கு எழுபத்தாறு வயது, நான்கு மாதம், பதினோரு நாள். இதைக் குறித்து வைப்பதற்குக் காரணம் உண்டு. சென்னையிலிருந்து வந்த ஒப்பந்தப் படிவத்தில் ‘வயது’ என்ற கட்டத்துக்கு நேரே ‘60+’ என்று அவர்களாகவே நிரப்பி அனுப்பியிருந்தார்கள். அந்தச் சிறிய கூட்டல் குறிக்குள் பதினாறு ஆண்டுகளைத் திணிப்பது மரியாதை என்று யாரோ ஒரு பையன் நினைத்திருக்கிறான். அடித்துவிட்டுச் சரியாக எழுதினேன்.

வேலை இதுதான்: நீலாவதியின் ‘கையொப்பம் இல்லாமல்’ நாவலை ஒலிநூலாக வாசிக்க வேண்டும். இருபது அத்தியாயங்கள். நீலாவுக்குக் கண் அழுத்த நோயால் பார்வை போய் இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. தன் நாவலை அவள் இனிக் காதால்தான் படிக்க முடியும். ‘சௌந்தரவல்லி வாசிப்பதானால் கொடுக்கிறேன்’ என்று கம்பெனிக்குச் சொல்லிவிட்டாள். ஆயினும் ஒவ்வொரு பகுதியையும் ஆசிரியர் கேட்டு ஒப்புதல் தந்த பிறகே வெளியிடலாம் என்று ஒரு ஷரத்தும் சேர்த்திருக்கிறாள். அவள் நட்பு எப்போதும் ஷரத்துகளுடன்தான் வரும்.

இந்த ஊரில் என் வயதுப் பெண்களில் அந்த நாவலை அறியாதவர் இல்லை. இருந்தாலும் குறிப்பு என்றால் முழுமையாக இருக்க வேண்டும். முப்பத்து நான்கு ஆண்டுகள் வரலாறு நடத்தியவளின் பழக்கம் அது. 1983இல் நீலா, நான், ரெஜினா மூவரும் ஒரே பெண்கள் கல்லூரியில் வேலை பார்த்தோம். நீலா தமிழ், ரெஜினா பொருளியல். அந்த மார்ச் மாதம் நீலாவையும் கல்லூரியின் இசையாசிரியரையும் பற்றித் தாளாளருக்கு ஒரு மொட்டைக் கடிதம் போயிற்று. அவர்கள் வியாழக்கிழமைகளில் போனது வானொலி நாடக ஒத்திகைக்கு. ஆனால் வெளியே வேலை செய்ய நீலா அனுமதி வாங்கியிருக்கவில்லை. உண்மையைச் சொன்னதும் குற்றம் இரண்டாயிற்று. ராஜினாமா எழுதி வாங்கிக்கொண்டார்கள். ஆறு ஆண்டுகள் கழித்து அதையே நாவலாக்கினாள். நாவலில் அவள் பெயர் வசந்தா. கடிதம் எழுதுகிறவள் பெயர் ரோசலின். ரோசலின் என்பது ரெஜினாதான் என்பதை நூல் வெளிவந்த வாரத்திலேயே ஊர் கண்டுபிடித்துவிட்டது. ரெஜினாவுக்குத் திக்குவாய். வாயால் பேச வராதவள் தாளில்தான் பேசியிருப்பாள் என்பது ஊரின் தர்க்கம். அவள் இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன.

நான் நாவலில் இல்லை. மெய்ப்புத் திருத்தியதற்காக நன்றியுரையில் இருக்கிறேன்.

10 ஜூலை, புதன்

ஸ்டூடியோ என்பது புத்தூரில் ஒரு கல்யாணப் பத்திரிகைக் கடையின் மாடி. ஒலிப்பதிவு செய்கிறவள் ரமீஜா. முப்பத்து நான்கு வயது, முன்பு பண்பலையில் இருந்தவள், இரட்டைக் குழந்தைகளுக்குத் தாய். கண்ணாடிக்கு அப்பால் உட்கார்ந்து, நாவலின் வரிகளை விரலால் தொடர்ந்தபடியே கேட்கிறாள். ஓர் எழுத்து மாறினாலும் நிறுத்திவிடுகிறாள். நல்ல குணம். எரிச்சலூட்டுகிற குணமும் அதுதான்.

முதல் கண்டனம் என் சேலைக்கு.

“மேடம், உங்க சேலை பேசுது.”

“என்ன சொல்கிறது?”

“கஞ்சி போட்ருக்கீங்க. நீங்க மூச்சு விட்டாக்கூட சரக்குசரக்குன்னு விழுது. நாளைலேருந்து பழசா, துவண்டதா ஏதாச்சும் கட்டிக்கிட்டு வாங்க. வளையல் வேணாம். காலைல எத்தன இட்லி சாப்டீங்க?”

“இரண்டு.”

“நாலு சாப்டுங்க. வயிறு கத்துறதும் மைக்ல விழுது.”

வானொலியில் செவ்வாயும் வியாழனுமாக இருபத்திரண்டு ஆண்டுகள் மாநிலச் செய்தி வாசித்தவள் நான். என் வயிற்றைப் பற்றி எந்த அரசும் கேள்வி எழுப்பியதில்லை.

முதல் அத்தியாயம் முடிந்ததும் தீர்ப்பு வந்தது. “கதை சொல்ற குரல் பிரமாதம் மேடம். நாள் பூரா கேக்கலாம். ஆனா ஆளுங்க பேசும்போது நாடகமாயிடுது. வசந்தாவோட அப்பா இருக்காரே, அவரு கெணத்துக்குள்ள இறங்கி நின்னுக்கிட்டுப் பேசுற மாதிரி இருக்கு.”

“ஆண் குரல் தாழ்ந்துதானே இருக்கும்?”

“எழுபத்தஞ்சு வயசுப் பொம்பள ஆம்பளயா நடிக்குறத யாரும் கேக்க வரல மேடம். அவரு யாருன்னு தெரிஞ்சாப் போதும். வேகத்த மாத்துங்க, மூச்ச மாத்துங்க. தொண்டைய மாத்தாதீங்க.”

எழுபத்தாறு என்று திருத்தினேன். மற்றபடி அவள் சொன்னது சரி. நம் மொழியில் ‘என்றாள்’ கடைசியில்தான் வருகிறது. ஒருத்தி பேசி முடித்த பிறகே பேசியது யாரென்று தெரிகிறது. கண்ணால் படிக்கிறவனுக்கு அதனால் தொல்லையில்லை. அவன் கண் முன்னே ஓடி ‘என்றாள்’ என்பதைத் தொட்டுவிட்டுத் திரும்பும். காதுக்கு அந்த வசதி இல்லை. எனவே முதல் சொல்லிலேயே ஆள் யாரென்று குரல் சொல்லிவிட வேண்டும். ‘என்றாள்’ வரும்போது எதுவுமே நடக்காதது போலக் கதைசொல்லி தன் நாற்காலிக்குத் திரும்பியிருக்க வேண்டும். நாற்காலி மாறி உட்காரும் சத்தம் கேட்கக்கூடாது. வேலை அவ்வளவுதான்.

12 ஜூலை, வெள்ளி

கீழ்ப் பல்செட்டில் இடைவெளி. சகரம் சீழ்க்கை அடிக்கிறது. கதாநாயகிக்கு ‘வசந்தா’ என்று பெயர் வைத்ததற்காக நீலாவை இன்று முதன்முறையாக வெறுத்தேன். பல் மருத்துவரிடம் திங்கள் காலை நேரம் கிடைத்திருக்கிறது.

15 ஜூலை, திங்கள்

பல் சரியாகிவிட்டது. அப்பா கிணற்றிலிருந்து ஏறி வந்துவிட்டார். வசந்தாவுக்குச் சொற்களுக்கு முன் ஒரு சிறிய அவசரம் கொடுத்தேன். அது நீலாவின் அவசரம், ரமீஜாவுக்குப் பிடித்துவிட்டது. தாளாளருக்கு ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் அரை நொடி மௌனம் கொடுத்தேன். அதிகாரம் என்பது பெரும்பாலும் அந்த அரை நொடிதான்.

மூன்றாம் அத்தியாயத்தில் ரோசலின் வருகிறாள். ரமீஜா நிறுத்தினாள்.

“மேடம், ரோசலினுக்குக் குரலே இல்ல.”

“இருக்கிறதே. பேசுகிறாளே.”

“பேசுறா. ஆனா கதை சொல்றவங்களே பேசுற மாதிரி இருக்கு. எல்லாருக்கும் வேற வேற மூச்சு குடுத்தீங்க. இவளுக்கு மட்டும் உங்க மூச்சையே குடுத்துட்டீங்க.”

சிறிய பாத்திரம் என்றேன். கதையின் வில்லி என்றாள். குளிர்சாதனத்தின் காற்று தொண்டைக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிப் புறப்பட்டுவிட்டேன்.

18 ஜூலை, வியாழன்

ஆடி பிறந்துவிட்டது. தெருமுனை அம்மன் கோயிலில் கூம்பு ஒலிபெருக்கியைப் பத்திரிகைக் கடையை நோக்கியே கட்டியிருக்கிறார்கள். பதிவு இல்லை. இனி காலை ஆறு முதல் ஒன்பது வரை, அம்மன் கண் விழிக்கும் முன், என்று முடிவாகியிருக்கிறது.

பிற்பகல் மூன்று மணிக்கு வீட்டுக்கு ஒருத்தி வந்தாள். ஐம்பது வயது தாண்டியிருக்கும்; பொன்மலை ரயில்வே பணிமனையின் அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்ற மறந்திருந்தாள்.

“மிஸ், நான் ஜெயசீலி. எண்பத்தொன்பது பேட்ச், ஹிஸ்டரி. உங்க ஸ்டூடண்ட்.” பிறகு, “ரெஜினா மிஸ் எங்க பெரியம்மா” என்றாள்.

உட்காரச் சொன்னேன். அவள் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தவள் போல, நிறுத்தாமல் பேசினாள்.

“புக்குல படிக்கிறவங்களுக்கு ரோசலின் யாரோ ஒருத்தி மிஸ். தெரிஞ்சவங்களுக்குத்தான் தெரியும். ஆனா இப்ப பழைய மாணவிகள் குரூப்ல நானூறு பேரு இருக்காங்க. ‘ரோசலின் திக்கிப் பேசுவாளா, சௌந்தரவல்லி மிஸ் எப்படிச் செய்யப் போறாங்க’ன்னு அதே பேச்சு. சிரிக்கிற பொம்மை வேற போடறாங்க. நீங்க பெரியம்மா மாதிரி திக்கிட்டீங்கன்னா அது ரோசலின் இல்ல மிஸ். பெரியம்மாவேதான். செத்தவங்க குரலையே வச்சு அவங்க மேல சாட்சி சொன்ன மாதிரி ஆயிடும்.”

“ஆசிரியர் எழுதியிருப்பதைத்தான் நான் வாசிக்க முடியும்.”

“தெரியும் மிஸ். அதான் கெஞ்ச வந்தேன்” என்றாள். “புக்கு வந்த வருஷம் போர்டுல ‘க க க கடிதம்’னு எழுதி வச்சிருந்தாங்க. பெரியம்மா டஸ்டர எடுத்து அத அழிச்சிட்டு, அன்னிக்குப் பாடத்த நடத்துனாங்க. நான் வெளில நின்னு பாத்தேன்.”

அது எனக்குத் தெரியும். என் வகுப்பு அடுத்த அறை.

“அவங்க எழுதல மிஸ். ஆஸ்பத்திரில கடைசி வாரம் எதுவுமே பேச முடியல. ‘நான் எழுதல’ங்கறத மட்டும் திக்காம சொன்னாங்க.”

மோர் கொடுத்தேன். பெருங்காயம் போட்டதா என்று கேட்டாள். போட்டது என்றேன். குடித்துவிட்டுப் போனாள்.

20 ஜூலை, சனி

ஸ்ரீரங்கம் போனேன். நீலாவைப் பார்க்க மாதம் ஒருமுறை போவது வழக்கம். 1983 ஏப்ரலிலிருந்து தவறியதில்லை.

அவளுடைய பணிப்பெண் கதவைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து குரல் வந்தது. “செருப்பச் சத்தம் போடாமக் கழட்டுறவ சௌந்தரா ஒருத்திதான். வாடி.”

பகுதிகளைக் கேட்டிருக்கிறாள். வசந்தாவைப் பற்றிப் பேச்சே இல்லை. தன் குரல் சரியாக இருக்கிறது என்பதை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறாள் போலும். நேராக ரோசலினுக்கு வந்தாள்.

“ரோசலின் எங்கடி? தேடிப் பாத்தேன், ஆளையே காணோம். மூணாம் அத்தியாயத்துல ‘அவளுக்குச் சொற்கள் தட்டும்’னு எழுதியிருக்கேனா இல்லியா?”

“எழுதியிருக்கிறாய்.”

“அப்ப தட்டணும்ல. இப்படி.” நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடி, மோவாயை லேசாக முன்னே தள்ளி, “க... க... கல்லூரிக்கு ஒரு ம... மானம் இருக்கு” என்றாள்.

ரெஜினா அந்த அறையில் வந்து நின்றுவிட்டுப் போனாள். பணிப்பெண் ரெஜினாவைப் பார்த்ததேயில்லை, அவளே சிரித்துவிட்டாள். நீலாவின் திறமை அப்படிப்பட்டது. வானொலி நாடகப் பிரிவில் அவளை விட்டால் ஆளில்லை என்று சொல்வார்கள்.

“உன்னையும் செய்வேனே, ஞாபகம் இருக்கா?” என்றாள். பதிலுக்குக் காத்திராமல் செய்தாள். மூக்கைச் சற்று மேலே தூக்கி, ஒவ்வொரு சொல்லுக்கும் இஸ்திரி போட்டு, “மாநிலச் செய்திகள். வாசிப்பது. சௌந்தர. வல்லி.”

சிரித்தேன். 1983 பிப்ரவரியில் ஆசிரியர் அறையில் இதையே அவள் செய்தபோது நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. ‘சௌந்தர’வுக்கும் ‘வல்லி’க்கும் நடுவே அவள் ஒரு மிடறு தண்ணீர் குடித்துக் காட்டியபோது பதினொரு பேர் சிரித்தார்கள். எண்ணியிருக்கிறேன். ரெஜினா மட்டும் சிரிக்காமல் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள்.

நீலா இறுதியாகச் சொன்னது: “ரோசலின் திக்கணும். ஒனக்கு வரலேன்னா சொல்லிடு. சென்னையில ஒரு நாடகக்காரப் பொண்ணு இருக்காளாம், எதுக்கும் தயாரா இருக்காளாம்.”

காவிரியில் தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது. பேருந்தில் பாலத்தைக் கடக்கும்போது எல்லோரும் ஒரே பக்கம் எட்டிப் பார்த்தார்கள். நான் மறுபக்கம் உட்கார்ந்திருந்தேன்.

23 ஜூலை, செவ்வாய்

செய்து பார்த்தேன். செய்ய முடியாததால் தவிர்க்கவில்லை என்பதையாவது நிரூபிக்க வேண்டுமே.

ஒரே ஒரு பத்தி. ரமீஜா கைதட்டிவிட்டாள். “மேடம்! இவ்ளோ நாளா இத எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?” ஒலியைத் திருப்பிப் போட்டுக் காட்டினாள்.

ரெஜினாதான். ககரத்தில் ஒரு தடுமாற்றம், அது கடந்ததும் வரும் சின்ன அவசரம், அவசரத்துக்குப் பின்னால் ஒரு மன்னிப்பு. முப்பது ஆண்டுகள் பக்கத்து மேசை. வேண்டாமென்றாலும் காது சேர்த்து வைத்துக்கொள்கிறது.

அழிக்கச் சொன்னேன்.

“ஏன் மேடம்?”

“திக்கும்போது பல்செட் நகர்கிறது.”

“பல்லு நகரல மேடம். நகந்தா எனக்குக் கேக்கும்.” ஆனாலும் அழித்தாள். “சரி. பதினேழாம் அத்தியாயம் வரட்டும். அதுல ரோசலின் தனியா உக்காந்து கடிதம் எழுதுறா, எழுதுறத வாய்விட்டுப் படிக்கிறா. அங்க அவ குரல் கெடச்சிடும். அப்புறம் பின்னாடி வந்து எல்லா எடத்துலயும் மாத்திக்கலாம். ஆனா அங்கயும் கெடைக்கலன்னா நான் சென்னைக்கு உண்மையச் சொல்லித்தான் ஆகணும்.”

27 ஜூலை, சனி

எரிவாயு உருளை வந்தது. தொண்டைக்குச் சுக்கும் பனங்கற்கண்டும். பன்னிரண்டாம் அத்தியாயம் முடிந்தது. வேறு ஒன்றும் இல்லை.

30 ஜூலை, செவ்வாய்

ரமீஜாவுக்கு ஒரு சந்தேகம். நாவலைக் கேட்டுக்கேட்டு அவளே ஒரு வாசகியாகிவிட்டாள். ஒலிப்பதிவாளருக்கு அது தகாது.

“மேடம், வசந்தா வியாழக்கிழம ரேடியோவுக்குப் போறது காலேஜ்ல யாருக்குமே தெரியாது. காலேஜ் கேட்ல ஏற மாட்டா, ரெண்டு தெரு தள்ளிப் போய்த்தான் மியூசிக் மாஸ்டர் ஸ்கூட்டர்ல ஏறுவா. அப்ப ரோசலினுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது? புக்குல எங்கயும் வரலயே.”

நாவலாசிரியர்கள் எல்லாவற்றையும் விளக்க வேண்டியதில்லை என்றேன்.

“விளக்க வேணாம். ஆனா யோசிச்சிருக்கணும்ல?” என்றாள்.

மெய்ப்புத் திருத்தியபோது அச்சுப்பிழை நாற்பத்திரண்டு கண்டுபிடித்தேன். இந்தக் கேள்வியை ஓரத்தில் எழுதவில்லை.

1 ஆகஸ்ட், வியாழன்

பதினேழாம் அத்தியாயம்.

நீலாவின் நூலில் அந்தக் கடிதம் ஒன்றரைப் பக்கம். ‘பாவி’ மூன்று முறை, ‘நாசம்’ இரண்டு முறை, வியப்புக்குறி ஒன்பது. தாளாளர் அவளுக்கு உண்மையான கடிதத்தைக் காட்டவேயில்லை. இருக்கிறது என்று மட்டும் சொன்னார். எனவே தானாகவே ஒன்றை எழுதிக்கொண்டாள். நல்ல எழுத்தாளர்தான், ஆனால் மொட்டைக் கடிதம் பற்றி அவளுக்கு எதுவும் தெரியாது. ஆத்திரப்படுகிறவர்கள் மொட்டைக் கடிதம் எழுதுவதில்லை. ஆத்திரத்துக்குக் கையெழுத்துப் போடும் துணிவு உண்டு.

நான்கு முறை வாசித்தேன். முதல் முறை நாடகம் என்றாள் ரமீஜா. இரண்டாம் முறை செய்தி என்றாள். மூன்றாவது, நான்காவது பற்றி எதுவும் சொல்லாமல் தண்ணீர் குடிக்கச் சொன்னாள்.

ஐந்தாம் முறை என் கண்ணாடியில் ஆவி படிந்துவிட்டது. அதைக் கழற்றி வைத்தேன். எழுத்து தெரியவில்லை. பதிவை நிறுத்தச் சொல்லியிருக்கலாம். நிறுத்தச் சொல்லவில்லை. வாசித்தேன்; வாசித்தேன் என்றால், வாயில் வந்ததைச் சொன்னேன்.

“ஐயா, தமிழ்த் துறையின் செல்வி நீலாவதி ஒவ்வொரு வியாழக்கிழமையும் மாலை ஐந்தே காலுக்கு இசையாசிரியரின் ஸ்கூட்டரில் ஏறுகிறார். எங்கே இறங்குகிறார் என்பது எனக்குத் தெரியாது. இசையாசிரியரின் மனைவிக்கும் தெரியாது. தாங்கள் தெரிந்துகொள்வது கல்லூரிக்கு நல்லது.”

அப்பால் ரமீஜா பேசும் பொத்தான் அழுந்தும் ஒலி.

“மேடம், இது புக்குல இல்ல.”

“கண்ணாடியில் ஆவி.”

“ஒன்ற பக்கத்த விட்டுட்டீங்க. ‘வசந்தா’ன்னு வரவேண்டிய எடத்துல ‘நீலாவதி’ன்னு சொல்லிட்டீங்க.”

“ஆசிரியர் பெயர் நாக்கில் ஏறிவிட்டது. அட்டையில் பெரிதாகப் போட்டிருக்கிறார்களே.”

“ஆனா மேடம்,” என்றாள், குரலைத் தாழ்த்தி, “முதுகு சில்லுன்னு ஆயிடுச்சு. இதான் ரோசலின். திக்கவும் இல்ல, கத்தவும் இல்ல. கதை சொல்றவங்க குரல்தான், ஆனா அதுல யாரோ உள்ள வந்து உக்காந்துட்டாங்க. நான் இத அப்படியே ரைட்டரம்மாவுக்கு அனுப்புறேன். வேணாம்னா திட்டட்டும். அந்தப் பேர மட்டும் இன்னொரு தடவ சொல்லிக் குடுத்துடுங்க.”

‘வசந்தா’ என்று ஒருமுறை சொல்லிக் கொடுத்தேன். சகரம் சுத்தமாக வந்தது.

3 ஆகஸ்ட், சனி

ஆடிப்பெருக்கு. அம்மா மண்டபம் பக்கம் தலை காட்ட முடியாத கூட்டம் என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். வீட்டில் இருந்தேன். எலுமிச்சைச் சாதம். நீலாவிடமிருந்து அழைப்பு இல்லை.

6 ஆகஸ்ட், செவ்வாய்

காலை ஏழு மணிக்கு நீலா அழைத்தாள்.

“ஒன்ற பக்கத்த வெட்டிட்டியேடி, படுபாவி.”

“மன்னித்துக்கொள். கண்ணாடியில்...”

“சும்மா இரு. மூணு நாளா அதையேதான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கிட்டிருக்கேன். என் ஒன்ற பக்கத்துல ரோசலின் ஒரு பொம்மடி. நான் அவ மேல கோபப்பட்டு, அந்தக் கோபத்த அவ வாயிலயே வச்சு எழுதிட்டேன். உன் நாலு வரியில அவ உசுரோட இருக்கா. கை நடுங்காம எழுதியிருக்கா. ‘இசையாசிரியரின் மனைவிக்கும் தெரியாது’... அடேயப்பா. இப்படித்தான் இருந்திருக்கும். நாப்பது வருஷமா எனக்குத் தோணாதது ஒனக்கு எப்படித் தோணிச்சு?”

“வாசிக்கும்போது வந்தது.”

“நீ எழுதியிருக்கணும்டி. செய்தி வாசிச்சு வீணாப் போயிட்ட.” சிரித்தாள். “திக்க வேணாம். இந்தக் குரலே எல்லா எடத்துக்கும் போடு. நாடகக்காரப் பொண்ணு வேணாம்னு சொல்லிட்டேன். ரெஜினா உசுரோட இருந்து இதக் கேட்டிருந்தா ஆடிப் போயிருப்பா. ‘அய்யோ, என் லெட்டர் இவ கைல எப்படிக் கெடச்சுது’ன்னு.”

“ஆமாம்” என்றேன்.

“ஆனா ஒண்ணு. அது என் பேர்ல போகக்கூடாது. அடுத்தவ வரிய என் வரின்னு சொல்லி ஒரு கைதட்டுகூட நான் வாங்கினதில்ல. கடைசில நாவல் யாரு, குரல் யாருன்னு சொல்லுவியே, அங்க கடிதம் யார் எழுதினதுன்னும் சொல்லிடு. சொல்லலேன்னா ஒப்புதல் தர மாட்டேன், ஆமாம்.”

நீலாவின் நட்பு. ஷரத்துகளுடன்.

8 ஆகஸ்ட், வியாழன்

மூன்றாம் அத்தியாயத்திலிருந்து ரோசலினின் இடங்கள் அனைத்தையும் மறுபடி பதிந்தோம். கடினமாக இல்லை.

ரமீஜா தன் பொறுப்பில் ஜெயசீலிக்கு ஒரு பகுதியைப் போட்டுக் காட்டியிருக்கிறாள். அவள் ஸ்டூடியோவுக்கும் போய்க் கெஞ்சியிருக்கிறாள் என்பது இன்றுதான் தெரியவந்தது. மதியம் ஜெயசீலி அலைபேசியில் அழைத்தாள்.

“மிஸ், பெரியம்மா குரல் எங்கயுமே இல்ல. ஒரு எழுத்துகூடத் திக்கல. குரூப்ல கேக்குறவங்க இனி அவங்க மொகத்த நெனைக்க மாட்டாங்க. பேரச் சொல்றவங்க சொல்லிக்கட்டும், அத யாராலயும் மாத்த முடியாது. ஆனா குரலையாச்சும் காப்பாத்திட்டீங்க. நீங்க ரொம்ப நல்லவங்க மிஸ்.”

ஒரு மனிதர் தம் வாழ்நாளில் பெறும் பாராட்டுகள் பெரும்பாலும் முகவரி தவறி வருபவை. அவற்றைத் திருப்பி அனுப்பும் வழக்கம் யாருக்கும் இல்லை. எனக்கும் இருந்ததில்லை. யோசித்துப் பார்த்தால், இப்போது எல்லாமே எனக்குச் சாதகமாக முடிந்திருக்கிறது. வேலை என்னிடம் இருக்கிறது. நீலாவுக்கு மகிழ்ச்சி. ஜெயசீலிக்கு நன்றி. ‘கடிதம்: சௌந்தரவல்லி’ என்று நாளை நான் சொன்னால், கற்பனை வளமுள்ள கிழவி என்று நானூறு பேரும் பாராட்டுவார்கள். ரெஜினா இருந்த இடத்திலேயே இருப்பாள்.

“நாளை காலை ஆறு மணிக்கு ஸ்டூடியோவுக்கு வர முடியுமா?” என்று ஜெயசீலியைக் கேட்டேன்.

“எதுக்கு மிஸ்?”

“கடைசிப் பகுதி. நீ கேட்க வேண்டும்.”

ஷிப்டு மாற்றிக்கொண்டு வருவதாகச் சொன்னாள்.

9 ஆகஸ்ட், வெள்ளி

நான்கு இட்லி. துவண்ட பழைய சேலை. வளையல் இல்லை. ஐந்தே முக்காலுக்கே போய்விட்டேன்.

இருபதாம் அத்தியாயத்தின் கடைசி இரண்டு பக்கங்களை ஒரே மூச்சில் முடித்தேன். ரமீஜா கட்டை விரலை உயர்த்தினாள். ஜெயசீலி அவளுக்குப் பக்கத்தில், காதை முழுக்க மூடும் பெரிய கருவியை மாட்டிக்கொண்டு, தேர்வுக்கு வந்தவள் போல உட்கார்ந்திருந்தாள். கோயில் ஒலிபெருக்கி இன்னும் எழவில்லை.

“க்ரெடிட் மட்டும்தான் மேடம். அதுக்கு எந்தக் குரலும் வேணாம். சாதாரணமாச் சொல்லுங்க” என்றாள் ரமீஜா.

சாதாரணமாகச் சொல்வது எப்படி என்று இருபத்திரண்டு ஆண்டுகள் எனக்குச் சம்பளம் கொடுத்துக் கற்றுத் தந்திருக்கிறார்கள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். தாளில் நேற்று மதியமே எழுதி வைத்திருந்ததை வாசித்தேன்.

“நீங்கள் இதுவரை கேட்டது, ‘கையொப்பம் இல்லாமல்’. நாவல், நீலாவதி. குரல், சௌந்தரவல்லி. ஒலிப்பதிவு, ரமீஜா. பதினேழாம் அத்தியாயத்தில் இடம்பெறும் கடிதத்தை எழுதியவர், சௌந்தரவல்லி. எழுதிய நாள், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்று, மார்ச் பதினான்கு.”

பொத்தான் அழுந்தும் ஒலி.

“சூப்பர் மேடம். வருஷம் மட்டும் தப்பாச் சொல்லிட்டீங்க. ரெண்டாயிரத்து இருபத்து நாலுன்னு வரணும். மாசமும் மாறியிருக்கு. அந்த ஒரு வரி மட்டும் திரும்பப் போயிடலாமா?”

ஜெயசீலி கருவியைக் காதிலிருந்து கழற்றவில்லை. கண்ணாடிக்கு அப்பாலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வருஷம் சரிதான். மாதமும் சரிதான். அதை எழுதித் தபாலில் போட்டது நான், ரெஜினா இல்லை” என்றேன்.